ஐந்து பேர், ஒரு பூட்டிய கதவு: ரோல்பிளே ஆட்டத்தில் சேர்ந்து முடிவெடுப்பது எப்படி?

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கதவு ஒன்றின் முன்னால் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். நின்றது கதைக்குள். உடம்பு என்னவோ காரைக்குடியில், நண்பர் ஒருவருடைய பூர்வீக வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

கதைப்படி அந்தக் கதவுக்கு உள்ளே ஓர் உப்பு வியாபாரியின் இரும்புப் பெட்டி இருக்கிறது. காவலாளி பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறான், விடிவதற்குள் வந்துவிடுவான். கொல்லர் வேடம் எடுத்திருந்த அண்ணன், "உடைச்சுருவோம்" என்றார். பூட்டுக்காரியாக ஆடும் கல்லூரி மாணவி, "சத்தம் கேக்கும்ணே, நான் கம்பி போட்டுத் திறக்குறேன்" என்றாள். மந்திரவாதிக்குக் கூரை வழியாக இறங்க ஆசை. வில்லாளியான நான் மூன்றுக்கும் தலையாட்டினேன். வைத்தியர், "எனக்கு எதுனாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஆச்சி பணியாரத் தட்டோடு இரண்டாவது முறை வந்தபோது கேட்டார்: "இன்னுமாப்பா அந்தக் கதவைத் திறக்கலை?"

திறக்கவில்லை. அன்றைக்கு ஆட்டம் அந்த வாசலிலேயே முடிந்தது.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சுருக்கம். ஒருவர் கேம் மாஸ்டர்; கதையின் உலகம், அதில் வரும் மற்ற மனிதர்கள், பூட்டு, மழை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். பல ஆட்டங்களில் அது இருபது முகப் பகடை. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இந்த வகையில் அச்சாகிக் கடைக்கு வந்த முதல் ஆட்டம்.

நம் வீட்டு ஆட்டங்களோடு வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். பரமபதத்தில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. விழுந்த எண்ணுக்குக் காய் போகும், பாம்பு இருந்தால் இறங்கும். தாயத்தில் கொஞ்சம் உண்டு: விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது, வெட்டுவதா, பழத்துக்குப் போவதா? ரோல்பிளே ஆட்டத்தில் இந்த எல்லை கிடையாது. கதவை உடைக்கலாம், கொளுத்தலாம், கூரை ஏறலாம், "வட்டிக் கணக்குப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று தட்டி உள்ளே போகலாம், கதவை மறந்துவிட்டு ஊருக்கே திரும்பலாம். இத்தனை வழியையும் வைத்துக்கொண்டு ஐந்து பேர் ஒரே கதைக்குள் நடக்க வேண்டும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். உடைப்பது, கம்பி, கூரை மூன்றுமே முதல் பத்து நிமிஷத்தில் சொல்லப்பட்டுவிட்டன. அதற்கப்புறம் புதிதாக யாரும் எதுவும் சொல்லவில்லை. அதே மூன்றைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எங்களுக்குள் சண்டை இல்லை. பேச்சு எந்த இடத்தில் முடிந்து செயல் தொடங்குகிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. "அப்ப உடைச்சுரலாம்" என்று கொல்லர் சொன்னால் அது யோசனையா, கோடரியை ஓங்கிவிட்டாரா? கேம் மாஸ்டருக்கும் தெரியவில்லை. நல்ல மனிதர், பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் எங்களைக் கவிழ்த்தது.

காலர் என்றொருவர்

இந்தச் சிக்கல் ஆட்டத்தின் வயதுதான் இருக்கும். 1974இல் வந்த முதல் விதிப் புத்தகம், ஒரு தொடர்கதையில் நான்கு முதல் ஐம்பது பேர் வரை ஆடலாம் என்கிறது; கேம் மாஸ்டர் ஒருவருக்கு இருபது பேர் என்பது அது சொல்லும் விகிதம். ஐந்து பேருக்கே ஒன்றேகால் மணி நேரம் என்றால் இருபது பேருக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் அந்தக் காலத்துக் கூட்டங்களில் ஒருவரை 'காலர்' என்று வைத்தார்கள். சட்டைக் காலர் இல்லை, கூவிச் சொல்கிறவர். மற்றவர்கள் தங்களுக்குள் பேசி முடித்ததும், "நாங்கள் இதைச் செய்கிறோம்" என்று அவர்தான் கேம் மாஸ்டரிடம் சொல்வார். அதே ஆட்டத்துக்கு 1981இல் வந்த பேசிக் பதிப்பிலும் காலர் உண்டு. கூடவே வழியை வரைபடமாகப் போட்டுக்கொண்டே வர இன்னொருவர்.

பின்னாளில் கூட்டம் சிறுத்தது, காலர் பழக்கமும் மங்கியது. நான்கைந்து பேருக்குள் எதற்குத் தூதுவர் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலருக்கு அதிகாரம் எதுவும் தர வேண்டியதில்லை. அவர் தலைவர் அல்ல. நான்கு பேர் சொன்னதைச் சேர்த்து ஒரு வாக்கியமாக்கி, "சரிதானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் இல்லாததால்தான் நாங்கள் வாசலில் நின்றோம். புதிதாகத் தொடங்கும் கூட்டத்துக்கு நான் முதலில் சொல்வது இதையே: ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் காலர், அடுத்த ஞாயிறு வேறொருவர்.

எங்களுக்கென்று ஒரு வழக்குச்சொல்லும் அதோடு சேர்ந்துகொண்டது. காலர் அறிவித்து முடித்ததும் "சோழி விழுந்தாச்சு" என்பார். உருட்டிய சோழியைக் கையில் எடுத்து மறுபடி உருட்ட முடியாது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் பேச்சு. எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். அதற்குப் பின்னால் எல்லாம் செயல்.

யாருடைய முடிவு இது?

எல்லாவற்றையும் கூட்டமாக முடிவெடுக்கத் தேவையில்லை என்பது அடுத்து புரிந்துகொள்ள வேண்டியது. என் வில்லாளி மரத்தில் ஏறுவது என் விஷயம். அதற்கு நான்கு பேரிடம் அனுமதி கேட்டால் ஆட்டம் கூட்டுறவுச் சங்கக் கூட்டம் மாதிரி ஆகிவிடும். ஆனால் மரத்திலிருந்து காவலாளி மேல் அம்பு விட்டால்? அந்த ஓர் அம்பு ஐந்து பேரையும் சண்டைக்குள் இழுக்கிறது. ஒரு செயலின் விலையை யார் யார் கொடுக்கப் போகிறார்கள் என்று பார்த்தால் போதும்: நான் மட்டும் என்றால் என் முடிவு, எல்லோரும் என்றால் எல்லோருடைய முடிவு.

"என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்ற வசனத்தை எந்தக் கூட்டத்திலும் ஒருநாள் கேட்பீர்கள். கூட்டாளியின் மடியிலிருந்து பணத்தைத் திருடிவிட்டு, அவன் திருடன்தானே என்பார்கள். அந்தக் கேரக்டரை அப்படி உருவாக்கியவர் இவர்தான் என்பதை நினைவுபடுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னும் சில முடிவுகளுக்கு எண்ணிக்கையே தேவையில்லை, ஒருவர் "வேண்டாம்" என்றாலே போதும். குழந்தைக்கு நடக்கும் கொடுமை, சித்திரவதை போன்ற காட்சிகள் ஒருவருக்கு உறுத்தினால் அங்கே பெரும்பான்மைக்கு இடமில்லை. சில கூட்டங்களில் எக்ஸ் குறியிட்ட சீட்டு ஒன்றை நடுவில் வைத்திருப்பார்கள். யாராவது அதைத் தொட்டால் காட்சி விலகும். காரணம் கேட்கக் கூடாது. கதை தொடங்குவதற்கு முன்பு இதற்கென்றே ஒருநாள் உட்கார்ந்து பேசுவதை 'செஷன் ஸீரோ' என்கிறார்கள்.

ஐந்து கையெழுத்து

பொது முடிவுகளுக்கு வருவோம். எல்லோரும் மனமொப்பினால்தான் நகர்வோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். இந்தப் பக்கத்து வீதிகளில் நடந்தால் அதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள், பர்மா தேக்குத் தூண்கள், மேலே அரசமரம் முளைத்த சுவர். பங்காளிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகி, ஆளுக்கொரு திசையில் இருப்பார்கள். விற்க, இடிக்க, பழுதுபார்க்க எதற்கும் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் எதிர்க்கிறார் என்பதற்காக அல்ல, ஒருவர் பதிலே போடவில்லை என்பதற்காக ஓடு சரிந்துகொண்டிருக்கும். எங்கள் வைத்தியரின் "எதுனாலும் சரிதான்" அந்த வகைப் பதில்தான்.

சரி, ஓட்டுப் போடலாமா? இரண்டே வழி இருந்தால் போடலாம். மூன்று வந்தால் விபரீதம் நடக்கலாம். ஒரு ஞாயிறு மூன்று பேர்தான் வந்திருந்தோம் என்று வையுங்கள். கொல்லருக்குப் பிடித்த வரிசை: உடைப்பு, கம்பி, கூரை. பூட்டுக்காரிக்கு: கம்பி, கூரை, உடைப்பு. மந்திரவாதிக்கு: கூரை, உடைப்பு, கம்பி. இப்போது இரண்டிரண்டாக ஓட்டெடுத்துப் பாருங்கள். உடைப்பா கம்பியா என்றால் கொல்லரும் மந்திரவாதியும் உடைப்புக்கு, இரண்டுக்கு ஒன்று. கம்பியா கூரையா என்றால் கம்பி ஜெயிக்கும். அதுவும் இரண்டுக்கு ஒன்று. அப்படியானால் உடைப்பு கூரையைச் சுலபமாக ஜெயிக்க வேண்டுமே? இல்லை, பூட்டுக்காரியும் மந்திரவாதியும் சேர்ந்து கூரையை ஜெயிக்க வைப்பார்கள். ஒன்றை ஒன்று துரத்தும் வட்டம். பிரெஞ்சுக் கணிதவாதி கோந்தோர்சே 1785லேயே எழுதி வைத்த முரண் இது. இதில் யாரும் முட்டாளில்லை, பிடிவாதக்காரரும் இல்லை. அப்படி இருந்தும் பெரும்பான்மை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. வட்டத்துக்குள் இருக்கும்போது இன்னும் அரைமணி பேசினால் தெளிவு வரும் என்று நினைப்பதுதான் தவறு.

நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்ட முறை, கேள்வியை மாற்றுவது. "எது உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்காமல் "எதை உங்களால் சகிக்கவே முடியாது?" என்று கேட்கிறோம். பிடித்தது ஆளுக்கு ஒன்று இருக்கும். சகிக்க முடியாதது பெரும்பாலும் இருக்காது. இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் திட்டத்தைச் சீராக்கும். "உடைச்சா பக்கத்து வீட்டு நாய் எந்திரிக்கும்ணே" என்பது வெறும் மறுப்பில்லை, தகவல். ஆட்சேபம் எதுவும் இல்லாத யோசனை இரண்டு மூன்று மிஞ்சினால் பகடையை உருட்டிவிடுவோம்: ஒன்று இரண்டு உடைப்பு, மூன்று நான்கு கம்பி, ஐந்து ஆறு கூரை.

பகடையிடம் விடுவது பொறுப்பில்லாத்தனம் என்று அண்ணன் முதலில் முறைத்தார். நாட்டரசன்கோட்டையில் தைப்பொங்கல் கழிந்த முதல் செவ்வாயன்று நகரத்தார் கூடிப் பொங்கல் வைக்கும்போது, முதல் பானை எந்தப் புள்ளியுடையது, அதாவது எந்தக் குடும்பத்துடையது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தானே எடுக்கிறார்கள்? எல்லோரும் சமம் என்ற இடத்தில் குலுக்கலைப் போல மனத்தாங்கல் இல்லாத வழி கிடையாது. இதைச் சொன்னதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

அப்பத்தாவும் மௌனிகளும்

அப்பத்தாவோடு ஜோடி சேர்ந்து தாயம் ஆடியிருக்கிறீர்களா? உருட்டுவது நீங்கள், காயை நகர்த்துவது அப்பத்தா. "அதை விடு, இதை வை, மலையில ஏத்து" என்று கை வந்துவிடும். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், தொல்லையே அதுதான். ஒவ்வொரு ரோல்பிளே கூட்டத்திலும் இப்படி ஒருவர் உண்டு. விதி தெரிந்தவர், வேகமாக யோசிப்பவர். பூட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு எது லாபம் என்று சொல்லிவிடுவார். மூன்று வாரத்தில் மற்றவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு அவர் ஆடுவதைப் பார்க்கத் தொடங்குவார்கள். எங்கள் கூட்டத்தில் அது அண்ணன் என்று நினைத்திருப்பீர்கள். நான்தான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்து எளியது: வில்லாளிக்குத் தெரியாததை நான் பேசக் கூடாது. பூட்டைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? பூட்டைப் பார்ப்பது பூட்டுக்காரி, காயத்தைப் பார்ப்பது வைத்தியர். துறைக்காரர் முதலில் பேசுவார், மற்றவர்கள் பிறகு. வாய் அடங்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மௌனிகள் எதிர்ப்பக்கம். ஜெர்ரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் எழுதிய சம்பவம் ஒன்று உண்டு. டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில் ஒரு குடும்பம், ஏசி இல்லாத காரில் 53 மைல் தள்ளி இருந்த அபிலீன் ஊருக்குச் சாப்பிடப் போகிறது. சோறும் சுமார், பயணமும் நரகம். திரும்பி வந்து பேசினால், நான்கு பேரில் ஒருவருக்குக்கூடப் போக விருப்பமில்லை. மற்றவர்களுக்கு ஆசை போலிருக்கிறது என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறார்கள். யோசனை சொன்ன மாமனாரே சும்மா பேச்சுக்குச் சொன்னவர்தான். "எதுனாலும் சரிதான்" என்ற பதிலை ஏற்றுக்கொண்டால் கூட்டம் அபிலீனுக்குத்தான் போகும். அதனால் கேம் மாஸ்டர் பொதுவாக, "என்ன செய்யப் போறீங்க?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பதை விட்டுவிட்டு, "வைத்தியரே, கூரை ஏறி யாராவது விழுந்தா உங்ககிட்ட மருந்து இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார். குறிப்பான கேள்விக்கு மனிதர் வாயைத் திறந்துவிடுகிறார். எங்கள் வைத்தியர் அன்று சொன்னது, "ஒரு தடவைக்குத்தான் இருக்கு." கூரைத் திட்டம் அதோடு பாதி இறங்கிவிட்டது.

நேரமும் கணக்கும்

கேம் மாஸ்டர் கையில் இருக்கும் இன்னொரு கருவி கடிகாரம். 1981 பேசிக் விதிகளில் பாதாளத்துக்குள் பத்து நிமிஷம் ஒரு 'டர்ன்'. பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடை; ஒன்று விழுந்தால் சுற்றித் திரியும் பிராணி ஏதாவது வந்து சேரும். ஒரு மணி நேரம் கதைக்குள் நின்று பேசினால் மூன்று தடவை அந்தப் பகடை உருளும். குறைந்தது ஒருமுறை வம்பு வர வாய்ப்பு 42 சதவீதம். இது தெரிந்தவர்கள் வாசலில் நின்று பட்டிமன்றம் நடத்த மாட்டார்கள். எங்கள் கதையிலும் விடியலை நோக்கிக் காவலாளி நடந்துகொண்டிருக்க வேண்டும். கேம் மாஸ்டர் அவனை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்.

நீண்ட திட்டம் ஏன் அவ்வளவு உதவாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நான்கு படி உள்ள திட்டம், ஒவ்வொரு படியும் நடக்க 75 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நான்கும் வரிசையாக நடக்க சுமார் 32 சதவீதம்தான். ஐந்து பேரும் சத்தமில்லாமல் நழுவ வேண்டும், ஆளுக்கு இருபது முகப் பகடையில் 8 அல்லது மேல் விழ வேண்டும் என்றால், ஒருவருக்கு 65 சதவீதம். ஐந்து பேருக்கும் சேர்ந்து 12 சதவீதத்துக்கும் கீழே. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸுக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதற்குக் 'குழுச் சோதனை' என்று ஒரு வழி வைத்திருக்கிறது: பாதிப் பேராவது ஜெயித்தால் எல்லோரும் ஜெயித்ததாக வைத்துக்கொள்வது. ஐந்தில் மூன்று போதும் என்றதும் அதே 12 சதவீதம் 76 ஆகிறது. அடுத்த முறை கூட்டமாகப் பதுங்கும்போது இந்த விதியைப் பயன்படுத்தலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், முடிவே மாறும்.

2017இல் வந்த 'பிளேட்ஸ் இன் த டார்க்' என்ற இன்னொரு ரோல்பிளே ஆட்டம் இன்னும் ஒரு படி போய், திட்டம் போடும் பேச்சையே வெட்டிவிட்டது. எந்த வகைத் திட்டம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு விவரத்தை மட்டும் சொன்னால் போதும். உதாரணமாக, மறைந்து போவது என்றால் எந்த வழியாக நுழைகிறோம். பகடை உருளும், உடனே காரியத்தின் நடுவில் இருப்பீர்கள். நாய் குரைக்கிறதா? "நேற்றே இதற்குக் கறித்துண்டு போட்டுப் பழக்கிவிட்டேன்" என்று பின்னோக்கி ஒரு காட்சியைச் சொல்லலாம். அதற்கு விலையாக உங்கள் கேரக்டரின் மன அழுத்தக் கணக்கு ஏறலாம். புதியவர்களுக்கு இது பெரிய விடுதலை. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வளவில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டே திட்டம் போடுவதும் ஆட்டத்தில் ஒரு ருசி. பத்து நிமிஷத்துக்குள் இருக்கும்வரை.

கூட்டம் இரண்டாகப் பிரியலாமா என்றும் கேட்பார்கள். முகப்பில் மூன்று பேர், அடுத்த தெருவில் பின்வாசலில் இரண்டு பேர் என்று நிற்பதில் தப்பில்லை. ஒரு பக்கத்தை ஐந்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காமல் கேம் மாஸ்டர் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் கைப்பேசிக்குள் போய்விடுவார்கள்.

அடுத்த ஞாயிறு அதே கதவு. காலர் பூட்டுக்காரி. அண்ணன் ஏதோ சொல்ல வந்து, "நீ சொல்லு ஏத்தா" என்று நிறுத்திக்கொண்டார். சகிக்க முடியாதது எது என்று கேட்டாள். உடைப்பது என்றார் வைத்தியர், முதல் ஆளாக. கம்பிக்கும் கூரைக்கும் பகடை உருண்டது, கம்பி. "நான் திறக்கிறேன், அண்ணன் பக்கத்தில் விளக்கு பிடிக்கிறார், வில்லாளி மரத்தில், மற்ற ரெண்டு பேரும் பின்வாசல். சரிதானே? சோழி விழுந்தாச்சு." ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

இருபது முகப் பகடையில் விழுந்தது 1. கம்பி பூட்டுக்குள்ளேயே முறிந்தது. தெருக்கோடியில் லாந்தர் வெளிச்சம் ஒன்று ஆடிக்கொண்டே வருவதாகக் கேம் மாஸ்டர் சொன்னார்.